சர்பத் பாகில் எலுமிச்சை விட்டதும் தீக்குச்சி வாடை: சர்க்கரையில் கந்தகமா?

செம்பூர் சர்பத்

எல்லோருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் வீட்டிலிருந்தே நன்னாரி, எலுமிச்சை சர்பத் போட்டு விற்கிறேன். கோடையில் ஆர்டர் அதிகம். இவ்வளவு நாளும் பாக்கெட் சர்க்கரைதான் வாங்கினேன். இந்த வருஷம் கட்டுப்படியாகவில்லை என்று வாஷி மார்க்கெட்டிலிருந்து 50 கிலோ மூட்டை ஒன்று இறக்கினேன். பையில் எஸ்-30 என்று அச்சடித்திருக்கிறது.

5 கிலோ சர்க்கரையைக் கரைத்து, ஒரு கரண்டி பால் விட்டு அழுக்கு எடுத்து, பாகு பதம் வந்ததும் அடுப்பை அணைத்தேன். அது வரை ஒரு வாடையும் இல்லை. சூடு ஆறுவதற்குள் எலுமிச்சைச் சாற்றை ஊற்றினேன். ஊற்றிய கையோடு சுள்ளென்று மூக்கில் ஏறியது, தீக்குச்சி உரசினால் வருமே அந்த வாடை. இருமல்கூட வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. ஆறிய பிறகு குடித்துப் பார்த்தேன், ருசியில் வித்தியாசமே இல்லை. அதே எலுமிச்சை, அதே பாத்திரம், பாக்கெட் சர்க்கரையில் இப்படி வந்ததே கிடையாது.

எதிர்வீட்டு மாமி, “ஆசிட் ஊத்தித்தான் வெளுக்க வைக்கிறா, எலும்புக் கரி வேற போடறா” என்கிறார். இது என்ன வாடை? உடம்புக்குக் கெடுதலா? என்னிடம் வாடிக்கையாக வாங்குகிற ஒரு பெரியவருக்கு ஆஸ்துமா உண்டு, அதனால்தான் கவலை. மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

---

இயற்கை வழி

வெள்ளைச் சர்க்கரையே விஷம்தான் சகோதரி, இதில் கேள்வி என்ன இருக்கிறது? வெல்லத்துக்கு மாறுங்கள். எங்கள் வீட்டில் பல வருஷமாக வெல்லம்தான். தங்க மஞ்சளாகப் பளபளவென்று இருக்கும், பார்த்தாலே ஆசை வரும்.

---

பாய்லிங் ஹவுஸ்

அம்மா, உங்கள் மூக்கு சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. அது சல்ஃபர் டை ஆக்சைடு. தீக்குச்சியில் வருவதும் அதேதான்.

நான் அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்), கோலாப்பூர் ஜில்லா சர்க்கரைக் கார்கானாக்களில் (ஆலைகளில்) ஷிஃப்ட் கெமிஸ்டாகச் சேர்ந்து சீஃப் கெமிஸ்டாக ஓய்வு பெற்றவன். இப்போது டோம்பிவிலி வாசம். சர்க்கரை என்றாலே விஷம் என்று ஃபார்வர்டு வரும்போதெல்லாம் பேசாமல் கடந்துவிடுவேன். நீங்கள் பாத்திரத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கரும்பைப் பிழிந்தால் வருவது வெள்ளைச் சாறு இல்லை. பச்சையும் சாம்பலும் கலந்த கலங்கல். மெழுகு, மண், புரதம், பிசின், கரும்புத் தோலின் பாலிஃபீனால்கள் எல்லாம் அதில் இருக்கும். பிஎச் (அமில அளவு, 7-க்குக் கீழே இறங்கினால் அமிலம்) ஐந்தேகால், ஐந்தரை. லேசான அமிலச் சாறு அது. அப்படியே விட்டால் சுக்ரோஸ், அதாவது நாம் பையில் வாங்குகிற சர்க்கரை, உடைந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகிவிடும். உடைந்த சர்க்கரை பையில் ஏறாது, மொலாசஸில் (சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற கழிவுப் பாகு) போய்ச் சேரும். அதனால் சுண்ணாம்புப் பால் விட்டு அமிலத்தைத் தணிக்க வேண்டும். சுண்ணாம்பு கொஞ்சம் மிஞ்சினாலோ வேறு வம்பு. காரத்தில் குளுக்கோஸ் சிதைந்து சாறு கறுத்துப்போகும். அந்தப் பக்கம் போனால் சர்க்கரை நஷ்டம், இந்தப் பக்கம் போனால் நிறம் நஷ்டம்.

இங்கேதான் கந்தகம் வருகிறது. சாற்றை 70, 75 டிகிரிக்குச் சூடாக்கி, சல்ஃபைட்டர் என்ற தொட்டியில் ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாலும் இன்னொரு பக்கம் கந்தகத்தை எரித்த புகையும் (அதுதான் சல்ஃபர் டை ஆக்சைடு) ஒரே நேரத்தில் விடுவோம். பிஎச் 7-ஐ ஒட்டி நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கால்சியம் சல்ஃபைட் என்ற வெள்ளைப் பொடி உண்டாகும். அது தண்ணீரில் கரையாது. உண்டாகிற வேகத்திலேயே நிறத்தையும் பிசினையும் மேலே ஒட்டிக்கொண்டு கீழே இறங்கும். பிறகு சாற்றை 100 டிகிரிக்கு மேல் கொதிக்கவிட்டு, பெரிய கிளாரிஃபையரில் தெளிய வைப்போம். அடியில் இறங்கும் சேற்றை வடிகட்டினால் பிரெஸ்மட். அது வயலுக்கு உரமாகப் போகும். மேலே நிற்கும் சாற்றைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் பொன் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். நல்ல ஷிஃப்டா கெட்ட ஷிஃப்டா என்பதை அந்தக் குழாயைப் பார்த்தே சொல்லிவிடலாம், லேப் ரிப்போர்ட் அப்புறம் வரட்டும்.

கவனியுங்கள், இங்கே கந்தகத்தின் முதல் வேலை வெளுப்பது இல்லை, சுண்ணாம்போடு சேர்ந்து அழுக்கை இறக்குவது. வெளுக்கிற வேலை அடுத்த கட்டத்தில். தெளிந்த சாற்றை வற்ற வைத்தால் சிரப். அதற்கு மறுபடி ஒரு முறை புகை காட்டி பிஎச்சை 5-ஐ ஒட்டி இறக்குவோம். இதனால்தான் இதற்கு இரட்டை சல்ஃபிடேஷன் என்று பெயர். நம் நாட்டு ஆலைகளில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் ஓடுகின்றன. இந்த இரண்டாவது புகையில் மூன்று காரியம் நடக்கும். நிறமுள்ள மூலக்கூறுகளோடு சல்ஃபைட் ஒட்டிக்கொண்டு நிறத்தை மறைக்கும். குளுக்கோஸும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பாகிற வினை இருக்கிறதே, தோசை சிவப்பதும் அதனால்தான், அதைத் தடுக்கும். மூன்றாவது இரும்பு. மில் ரோலரிலிருந்தும் குழாயிலிருந்தும் தேய்ந்து வரும் ஃபெரிக் இரும்பு பாலிஃபீனாலோடு சேர்ந்தால் மை மாதிரி கறுப்பு. அதை ஃபெரஸ் நிலைக்கு இறக்கிவிட்டால் கறுப்பு போய்விடும்.

இப்போது உங்கள் கேள்வி. புகை விட்ட அளவு எவ்வளவு, சர்க்கரையில் மிஞ்சுவது எவ்வளவு? 100 டன் கரும்புக்குச் சுமார் 50 கிலோ கந்தகம் எரிப்போம். எரிந்தால் 100 கிலோ சல்ஃபர் டை ஆக்சைடு. 100 டன் கரும்பில் கிடைப்பது 10 டன் சர்க்கரை என்று வையுங்கள். ஆலைச் சர்க்கரைக்குச் சட்டம் அனுமதிப்பது 70 பிபிஎம், அதாவது டன்னுக்கு 70 கிராம். வரம்பு முழுவதையும் தொட்டால்கூட 10 டன்னில் 700 கிராம். 100 கிலோவில் ஒரு கிலோகூட சர்க்கரைக்குள் இல்லை. மற்றதெல்லாம் பிரெஸ்மட்டில், மொலாசஸில், ஆவியில், குழாய்களில் படிகிற காரையில்.

அந்தக் காரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபரேட்டர் அசந்து புகையை அதிகம் விட்டால் கால்சியம் சல்ஃபைட் கால்சியம் பைசல்ஃபைட்டாக மாறிச் சாற்றில் கரைந்துவிடும். கிளாரிஃபையரில் இறங்காமல் தப்பித்து, எவாப்பரேட்டர் (சாற்றை வற்ற வைக்கிற கலன்) குழாய்க்குள் சூடு பட்டதும் மறுபடி கல்லாகப் படியும். சீசன் நடுவில் ஆலையை நிறுத்திக் குழாய்களைச் சுரண்ட வேண்டியதுதான். கெமிஸ்டுக்கும் இஞ்சினியருக்கும் வருஷா வருஷம் நடக்கிற சண்டை இது.

உங்கள் பாத்திரத்துக்கு வருவோம். மிஞ்சிய சல்ஃபைட் பாகில் உப்பு வடிவத்தில் இருக்கும், சும்மா கொதித்தால் பெரிதாக ஆவியாகாது. அமிலம் சேர்ந்தால் கதையே வேறு. எலுமிச்சைச் சாறு பட்டதும் பிஎச் தடாலென்று இறங்கி, அந்த உப்பில் ஒரு பங்கு வாயுவாக மாறுகிறது. பாகு சூடாக வேறு இருந்தது, கிளம்பிவிட்டது. 5 கிலோ சர்க்கரை, 70 பிபிஎம் என்றால் மொத்தம் 350 மில்லிகிராம். அதில் சிறு பங்கு வெளிவந்தாலும் பாத்திரத்துக்கு மேலே குனிந்திருக்கிற மூக்குக்குத் தாராளம். காற்றில் ஒரு பிபிஎம் அளவிலேயே நம் மூக்கு இதைப் பிடித்துவிடும்.

பாக்கெட் சர்க்கரை ரிஃபைன்டாக இருந்திருக்கும். அங்கே கந்தகத்துக்குப் பதில் பாஸ்பேட்டோ கார்பன் டை ஆக்சைடோ சுண்ணாம்போடு சேர்த்து அழுக்கை இறக்கி, கரியிலோ அயனி மாற்று ரெசினிலோ நிறத்தை எடுப்பார்கள். மாமியிடம் சொல்லுங்கள்: எஸ்-30 வருகிற முறையில் எலும்புக் கரிக்கு வேலையே இல்லை. சில வெளிநாட்டு ரிஃபைனரிகளில் அந்தப் பழக்கம் உண்டு, அந்தச் செய்திதான் இங்கே சுற்றுகிறது.

செய்ய வேண்டியது இதுதான். பாகு கொதிக்கும்போதே ஒரு சிட்டிகை சிட்ரிக் ஆசிட் போடுங்கள். மூடாமல், ஜன்னலைத் திறந்து வைத்து, 5 நிமிஷம் கொதிக்கட்டும். வெளியேறக்கூடியது பெரும்பாலும் அப்போதே போய்விடும். எலுமிச்சைச் சாற்றை வழக்கம்போல் கடைசியில் விடுங்கள், மணமும் கெடாது. இன்னொரு லாபமும் உண்டு. அந்த அமிலத்தில் கொஞ்சம் சுக்ரோஸ் உடையும், பாட்டில் அடியில் சர்க்கரை கல் கட்டாது. ஆலையில் எதற்குப் பயந்து சாகிறோமோ அதுவே சர்பத்துக்கு நல்லது!

---

சயான் பார்மசி

பாய்லிங் ஹவுஸ் சார் வேதியியலை முடித்துவிட்டார், உடம்பு விஷயத்தை நான் சொல்கிறேன்.

சல்ஃபைட்டுக்கு உலக அளவில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த தினசரி வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.7 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 42 மில்லிகிராம். 70 பிபிஎம் சர்க்கரையில் அந்த அளவை எட்ட ஒரு நாளில் 600 கிராம் சர்க்கரை சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிடுகிறவருக்குக் கந்தகத்தைவிட வேறு பிரச்சினைகள் முன்னால் வரும். ஐரோப்பாவில் 2022-இல் இந்த வரம்பை விலக்கிவிட்டு வேறு விதமாகக் கணக்கிட ஆரம்பித்திருக்கிறார்கள், சல்ஃபைட் அதிகம் சேர்கிறவர்களைப் பற்றிய கவலை கூடியிருக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஒயின், உலர் பழம், பாட்டில் பானங்களிலிருந்து வருவது.

உங்கள் பெரியவர் விஷயம் தனி. ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு சல்ஃபைட் பட்டால் மூச்சு இழுக்கும். அமெரிக்காவில் 1986-இல் பச்சைக் காய், பழங்களில் சல்ஃபைட் தெளிப்பதைத் தடை செய்ததே இப்படிப்பட்ட பாதிப்புகளால்தான். அதிலும் சர்பத் மாதிரி புளிப்பான பானத்தில் வாயு சுலபமாகக் கிளம்பும், குடிக்கும்போதே மூச்சுக்குழாய்க்குப் போகும். அவருக்குக் கொடுப்பதை மட்டும் ரிஃபைன்ட் சர்க்கரையில் போடுங்கள். கடை ஸ்குவாஷ் குடித்து அவருக்கு எப்போதாவது இழுத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த பாட்டில்களில் 224 என்று போட்டிருந்தால் அது பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். அதில் இருக்கும் அளவு சர்க்கரையில் இருப்பதைவிட அதிகம்.

---

வாஷி நெல்லைக்காரன்

சீனி வியாபாரத்திலதான் இருக்கேன். எஸ்-30ன்னா என்னன்னு பல பேருக்குத் தெரியாது. எழுத்து குருணை அளவு: எல் பெருசு, எம் நடுத்தரம், எஸ் சின்னது. எண் நிறம்: 31ன்னா 30-ஐ விட வெளுப்பு. வருஷா வருஷம் கான்பூர் தேசிய சர்க்கரை நிறுவனத்திலேர்ந்து கண்ணாடிக் குப்பியில மாதிரி வரும், அதோட ஒப்பிட்டுத்தான் ஆலையில கிரேடு போடுவாங்க. கந்தகம் எவ்வளவுன்னு அந்தக் கிரேடுல ஒண்ணும் தெரியாது. வேணும்னா ‘ரிஃபைன்ட்’, ‘சல்ஃபர் இல்லாதது’ன்னு பையில அச்சடிச்சதைக் கேட்டு வாங்குங்க அக்கா, விலை கொஞ்சம் கூட இருக்கும். மூட்டையைத் திருப்ப முடியாது, பிரிச்சாச்சுல்ல. நான் வித்தது இல்லை, இருந்தாலும் சொல்றேன்!

இன்னொண்ணு, ஆலைச் சீனியை மழைக்காலம் தாண்டி வச்சிருந்தா மஞ்சள் தட்டும். இது ஏன்னு சார்தான் சொல்லணும்.

---

செம்பூர் சர்பத்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சிட்ரிக் ஆசிட் போட்டு இன்று ஒரு ஈடு காய்ச்சினேன், வாடை அடுப்பிலேயே போய்விட்டது. கடைசியில் சாறு விட்டபோது எலுமிச்சை மணம் மட்டும்தான்.

சார், இரண்டு சந்தேகம். மூட்டைக்கு மூட்டை கந்தகம் கூடக் குறைய இருக்கும் என்றால் வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? அப்புறம், நன்னாரிக்கு வெல்லம் போடலாமா? மேலே ஒருவர் சொன்ன தங்க மஞ்சள் வெல்லம் இங்கே கடையிலும் இருக்கிறது.

---

பாய்லிங் ஹவுஸ்

நெல்லைக்காரருக்கு முதலில். கந்தகம் நிறத்தை அழிப்பதில்லை, பெரும்பாலும் மூடி வைக்கிறது. நாளாக ஆக சல்ஃபைட் காற்றில் ஆக்சிஜன் ஏறி சல்ஃபேட் ஆகிவிடும். மூடி போனதும் உள்ளே இருந்த நிறம் வெளியே வரும். ஈரமும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். நிறத்தை நிஜமாகவே வெளியே எடுத்த ரிஃபைன்ட் சர்க்கரை இந்த அளவுக்கு மஞ்சளாகாது. செலவு குறைந்த முறை என்பதால் ஆலைகள் இதை விடவில்லை, வெள்ளையாக இல்லாவிட்டால் நாம் வாங்குவதில்லை. யாரை நொந்துகொள்வது?

வீட்டுச் சோதனைக்கு மருந்துக் கடை பொவிடோன் அயோடின் போதும். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒன்றில் பாக்கெட் சர்க்கரை 50 கிராம், இன்னொன்றில் மூட்டைச் சர்க்கரை 50 கிராம். இரண்டையும் ஒரே அளவு ஆறின தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு ஸ்பூன் தெளிந்த கஞ்சித் தண்ணீர் விடுங்கள். அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். கஞ்சியில் அயோடின் பட்டால் நீலமாகும், சல்ஃபைட் இருக்கும் வரை அந்த நீலம் கரைந்துகொண்டே போகும். எந்த டம்ளர் அதிகச் சொட்டு குடிக்கிறதோ அதில் கந்தகம் அதிகம். எலுமிச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதிலுள்ள வைட்டமின் சி-யும் நீலத்தை அழிக்கும், கணக்கு தப்பாகிவிடும். இது ஒப்பிட்டுப் பார்க்கத்தான், பிபிஎம் சொல்லாது. எண் வேண்டுமென்றால் லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். பார்த்து முடித்ததும் கொட்டிவிடுங்கள், வீணாகிறதே என்று யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

வெல்லம். இயற்கை வழி நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் தங்க மஞ்சள் வெல்லத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகமே வருகிறது. கரும்புச் சாற்றைத் திறந்த கொப்பரையில் காய்ச்சினால் இயல்பாக வருவது பழுப்பு. வெண்டைத் தண்டை நசுக்கி அந்தக் கொழகொழப்பை விட்டு அழுக்கெடுக்கிற பழைய முறையில் நன்றாகவே தெளியும், ஆனாலும் அந்தப் பளபளப்பு வராது. அதற்குக் கொட்டகைகளில் ஹைட்ரோஸ் போடுவார்கள், சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். சாயப் பட்டறையில் புழங்குகிற சரக்கு. அதுவும் சிதைந்து சல்ஃபைட்டைத்தான் விட்டுப் போகிறது. ஆலையிலாவது பிஎச் பார்க்க ஓர் ஆள் ராத்திரி பகலாக உட்கார்ந்திருப்பார். கொப்பரையில் கைப்பிடிதான் அளவு. எல்லா மஞ்சள் வெல்லமும் அப்படி என்று சொல்லவில்லை. நன்னாரிக்கு வெல்லம் போடுவதானால் கறுப்பாக, அழகில்லாமல் இருப்பதை வாங்கி அதே அயோடினில் பாருங்கள். வெல்லக் கரைசலின் நிறத்தில் நீலம் சரியாகத் தெரியாது, நன்றாக நீர்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சாப்பிடுகிறவர்களைப் பற்றியே பேசுகிறோம், ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வாயுவை நிஜமாகச் சுமக்கிறவன் சல்ஃபர் ஸ்டேஷனில் நிற்கிறவன். எரிகிற அடுப்பின் சின்னக் கண்ணாடி வழியாக நீலச் சுவாலை தெரியும், நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு கந்தகத்தை அள்ளிப் போட வேண்டும். உள்ளே போகும் காற்றில் ஈரம் இருந்தாலோ, வெளிவரும் வாயு சரியாக ஆறாவிட்டாலோ, சல்ஃபர் டிரை ஆக்சைடு உண்டாகிக் கந்தக அமிலமாகிக் குழாயை அரிக்கும். அரித்த இடத்தில் கசியும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 8 மணி நேரச் சராசரிக்கு 2 பிபிஎம்தான் வரம்பாக இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த ஆலை ஒன்றில் அளக்கிற கருவியே கிடையாது. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்பார்கள். கண் எரிந்தால் கசிவு, அவ்வளவுதான் அளவுகோல்.

ஒரு உபரித் தகவல்: உலகத்தில் இன்று கிடைக்கிற கந்தகத்தில் பெரும்பங்கு பெட்ரோல், டீசல், எரிவாயுவிலிருந்து பிரித்தெடுத்த மிச்சம். உங்கள் செம்பூருக்குப் பக்கத்தில் மாஹுல் ரிஃபைனரிகளிலும் அந்த வேலை நடக்கிறது. பெட்ரோலில் கந்தகம் 10 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2020-இல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற வாகனப் புகை விதி வந்தது. சர்க்கரையில் சல்ஃபர் டை ஆக்சைடு 70 வரை இருக்கலாம், கந்தகமாகக் கணக்கிட்டால் 35. இதை நினைத்துச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை.

---

செம்பூர் சர்பத்

அயோடின் சோதனை செய்துவிட்டேன் சார். பாக்கெட் சர்க்கரையில் ஓரிரு சொட்டிலேயே நீலம் நின்றுவிட்டது. மூட்டைச் சர்க்கரை குடித்துக்கொண்டே போனது, மாமியே வந்து பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார். மஞ்சள் வெல்லத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் வீட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்!

பெரியவருக்கும் கேட்கிறவர்களுக்கும் ரிஃபைன்டிலேயே போட்டுத் தருகிறேன். மூட்டையை மற்ற ஆர்டர்களுக்கு சிட்ரிக் ஆசிட் போட்டுக் காய்ச்சி மழைக்கு முன்னாலேயே தீர்த்துவிடுவேன். பாட்டில் லேபிளில் இதைப் பற்றி ஏதாவது போட வேண்டுமா?

---

சயான் பார்மசி

போட வேண்டும். 2020 லேபிள் விதிகளின்படி, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்ஃபைட் இருந்தால் ஒவ்வாமைப் பொருளாக அதை அறிவிக்க வேண்டும். உங்கள் சர்பத்தில் 60 சதவீதம் சர்க்கரை என்று வைத்தால், 70 பிபிஎம் மூட்டைக்குக் கணக்கில் 42 வரை வரும். காய்ச்சும்போது குறையும், எவ்வளவு குறைந்தது என்று லேபில் பார்க்காமல் சொல்ல முடியாது. அதனால் மூட்டைச் சர்க்கரையில் போட்ட பாட்டில்களில் ‘சல்ஃபைட் உள்ளது’ என்று ஒரு வரி அச்சடித்துவிடுங்கள். ரிஃபைன்டில் போட்டவற்றுக்கு வேறு நிற மூடி வாங்கிவிட்டால் ஆர்டர் எடுத்து வைக்கும்போது மாறிப்போகாது.